முப்பத்திரண்டு மீட்டர்

குழித்துறை கோர்ட்டில் சொன்னார்கள்:
பாளையங்கோட்டைக்குப் போக வேண்டாம்,
பதினோரு மாசம் உன் வீடே போதும்.
மேபிள் கைகூப்பி அழுதாள்.
நான் வக்கீலைப் பார்த்தேன்.
அவர் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நித்திரவிளை ஸ்டேஷனிலிருந்து அஜிதா மேடம் வந்து
இடது கணுக்காலில் கறுப்புப் பட்டையைப் பூட்டினாள்.
பிறகு டேப் பிடித்து அளந்தார்கள்.
வாசல்படி வரை சரி. கிணற்றடி வரை சரி.
குருசடிக்குப் போகக் கூடாது.
கடல் பக்கம்? என்று கேட்டேன்.
பின்சுவரோடு நிறுத்திக்கொள் என்றாள்.
அன்றைக்குப் பின்சுவருக்கும் அலைக்கும் நடுவே
முப்பத்திரண்டு மீட்டர் மணல்.
தாளில் இருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி இரண்டு மணி நேரம்
என்னைச் சார்ஜில் போட வேண்டும்.
மிக்சி பிளக்கின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு
காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.
முதல் நாள் ரென்சி சிரித்தாள்.
இப்போது தேங்காய் அரைக்க வேண்டுமென்றால்
"அப்பா, காலைக் கழற்று" என்கிறாள்.

பெண்டாட்டி சமையல், ஃபேன் காற்று,
இதுக்குப் பேரு தண்டனையா மக்கா என்று
ஜன்னல் வழியே கேட்டுவிட்டுப் போகிறார்கள்.
ஜெயிலில் சோறு சர்க்கார் போடும்.
இங்கே மேபிள் மார்த்தாண்டம் சந்தைக்கு மீன்கூடை சுமந்து
போடுகிறாள்.
நான் உள்ளி உரிக்கிறேன்.
விடியலில் எந்த வள்ளம் யாருடையது என்று
எஞ்சின் சத்தத்தில் சொல்லிவிடுவேன்,
கேட்க யாருமில்லாதபோதும்.

ஜெயிலென்றால் பார்க்க வேண்டியிராத ஒருவன் உண்டு.
மூன்றாவது வீட்டுத் தார்சியூஸ்.
ஏலத்தில், ஒரு பெட்டி சாளைக்கு,
நான் எடுத்தது துடுப்பு.
அவன் தடுக்க எடுத்தது வலது கை.
அந்தக் கை இப்போது மூடுவதில்லை.
காலை ஆறரைக்கு என் ஜன்னலைக் கடக்கிறான், சாயா வாங்க.
தூக்கு இடது கையில்.
வலது கையை நெஞ்சோடு ஒட்டி வைத்திருக்கிறான்
யாரோ பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன
பிள்ளையைப்போல.
திரும்பிப் பார்ப்பதில்லை.
ஜன்னலைச் சாத்தக் கூடாதென்று
எந்தத் தாளிலும் எழுதவில்லை.
சாத்தவுமில்லை.

ஆனி கடைசியில் கடல் மணலைத் தின்னத் தொடங்கியது.
இருபது.
பதினொன்று.
நாலு.
சாக்கில் மண் கட்டி அடுக்கினோம்,
நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

பிறகொரு ராத்திரி காற்றுமில்லை, மழையுமில்லை,
கள்ளக்கடல் ஏறி வந்தது.
பூட்டை உடைக்காமல், ஆளைக் கேட்காமல்,
அதன் பேரில் ஒரு வழக்கும் இல்லை.
கோயில் மணி அடித்தது.
தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது.
நான் நம்பரை அழைத்தேன்.
வீட்டை விட்டு வரணுமானால் எழுதிக் கேட்கணும் என்று
தூக்கக் குரலில் ஒருவர் சொன்னார்.
தண்ணீர் முழங்காலில். மிக்சி மிதந்தது.
மேபிள் துணிமூட்டையோடு
வெளியே நின்று கத்துகிறாள், வாரும், வாரும்.

வாசலில் தார்சியூஸ்.
"பிள்ளையக் குடு."
எட்டு மாசத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.
குடுத்தேன்.
இடது கையால் வாங்கித் தோளில் போட்டான்.
வலது கை அவள் முதுகில் சும்மா கிடந்தது, திறந்தபடி.

பட்டை கூவிக்கொண்டே இருந்தது.
ஈரம் ஏறி அடங்கிப்போனது.
அடங்கிய பிறகும் நான் படியிலேயே நின்றேன்.
ஏன் என்று மேபிள் இன்றும் கேட்கிறாள்.

காலையில் அஜிதா மேடம் வந்தாள்,
பேண்ட்டை மடித்துவிட்டு, புதுப் பட்டையோடு.
பழைய தாளை விரித்துப் பார்த்தாள்.
"பின்சுவர் எங்க?"
டேப்பின் நுனியை என் கையில் கொடுத்தாள்.
சுவர் நின்ற இடம் எனக்குத் தெரியும்.
அலைக்குள் நடந்தேன்.
இடுப்பளவு வந்ததும் திரும்பினேன்.
அவள் இன்னும் டேப்பை விட்டுக்கொண்டிருந்தாள்.